அவசர கருத்தடை மாத்திரை போட்ட மாதத்தில் நாள் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மும்பை பவாய் வாசகி, மார்ச் 4, 2024, இரவு 9.40

வயது 27. திருமணமாகி ஓர் ஆண்டு ஆகிறது. மாதவிலக்கு 29 அல்லது 30 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். இந்த முறை பிப்ரவரி 12 முதல் நாள். 22-ஆம் தேதி இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் காலையில் மாத்திரை போட்டேன். 29-ஆம் தேதி இரத்தம் பட்டது. பழுப்பு நிறத்தில், கொஞ்சமாக, மூன்று நாள். அதைக் கைப்பேசிச் செயலியில் மாதவிலக்கு என்று பதிந்தேன். புதுச் சுற்று தொடங்கிவிட்டது, இன்று முதல் சில நாட்கள் பாதுகாப்பானவை என்று அது காட்டுகிறது. நம்பலாமா? அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம், அதை இந்த மாத்திரை கெடுக்குமா? அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. டாக்டரிடம் போனால் மாமியார் காதுக்குப் போய்விடும்.

செம்பூர் மருந்தாளுநர், மார்ச் 4, இரவு 11.15

நம்ப வேண்டாம். அந்தப் பதிவை இன்றிரவே செயலியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

நீங்கள் போட்டது லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். ஒரே வேளையில் பெரிய அளவு ஹார்மோன் உள்ளே போகிறது, சில நாட்களில் வடிந்தும் விடுகிறது. அது வடியும்போது கருப்பையின் உள்சவ்வு கொஞ்சம் உதிரும். உங்களுக்குப் பட்டது பெரும்பாலும் அதுதான். அதை முதல் நாளாக வைத்து எண்ணினால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

முதல் நாள் பிப்ரவரி 12 என்றே இருக்கட்டும். உண்மையான மாதவிலக்கு மார்ச் 12-ஐ ஒட்டி, ஒரு வாரம் முன்னதாகவோ பின்னதாகவோ வரலாம். அதுவரை எந்த நாளையும் பாதுகாப்பான நாள் என்று நினைக்காதீர்கள்.

குழந்தை விஷயம்: கெடுக்காது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 5, பிற்பகல் 2.30

கடையில் கூட்டம் ஓய்ந்திருக்கிறது. இந்த மாத்திரை வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியேற வேண்டுமானால் மூளையடியிலிருந்து எல்எச் என்ற ஹார்மோன் திடீரென்று பொங்கி எழ வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் அந்தப் பொங்குதலை அடக்குகிறது, அல்லது தள்ளிப்போடுகிறது. அதன் வேலை அவ்வளவுதான். எல்எச் ஏறத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் இல்லை. டிப்போவில் நிற்கும் பஸ்ஸைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க முடியும், கிளம்பிவிட்ட பஸ்ஸை நிறுத்த முடியாது என்று கடையில் சொல்வேன். சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டையின் ஆயுள் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். அதனால்தான் முட்டை வெளிவரும் நாளையும் அதற்கு முந்தைய 5 நாட்களையும் கரு தங்கும் நாட்கள் என்கிறோம். முட்டை வரத் தாமதமானால், காத்திருக்கும் விந்தணுக்கள் அதற்குள் செத்துவிடும். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதற்கும் இதுவே காரணம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது. அந்த மாதத்திலேயே, சில நாள் கழித்து, அது வெளியே வரலாம். மாத்திரை போட்டாயிற்றே, இந்த மாதம் கவலையில்லை என்று அடுத்த வாரம் ஆணுறையைத் தள்ளி வைப்பவர்கள் சரியாக அந்த நாட்களில் மாட்டிக்கொள்கிறார்கள். நடந்து முடிந்த உறவுக்குத்தான் மாத்திரை, வரப்போவதற்கு அது காவல் இல்லை. கவுண்டரில் நான் இதைச் சொல்லாமல் யாருக்கும் கொடுப்பதில்லை.

ஆனால் சொல்ல விட்டால்தானே. கடை மூடும் நேரமாகப் பார்த்து வருவார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் இருமல் மிட்டாய் கேட்பார்கள். ஆள் நகர்ந்ததும் கைப்பேசித் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள். சிலர் பெட்டியைப் பிரித்து, மாத்திரை அட்டையை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு, பெட்டியைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். வீட்டுக் குப்பையில் அது கிடந்துவிடக் கூடாதாம். உள்ளே மடித்து வைத்த அறிவுரைத் தாளும் அதோடு என் கடைக் குப்பைக்கூடைக்குப் போகிறது.

மார்ச் 5, இரவு 10

முலுண்ட் வாசகி ஒருவர் கேட்டிருப்பது: மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் வாந்தி வந்தது, என்ன செய்வது?

2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். வெறும் குமட்டலுக்குத் தேவையில்லை. சாப்பிட்ட பிறகு போடுங்கள்.

மார்ச் 6, காலை 7.20

'இரண்டு முறை போட்டால் கருப்பை வறண்டுவிடும், பிறகு பிள்ளை நிற்காது' என்று நேற்று ஒருவர் இங்கே உறுதியாக எழுதியிருக்கிறார். இப்படி எழுதுவதை அன்போடு ஆனால் கண்டிப்பாக மறுக்கிறேன். பயத்தில் இருக்கும் ஒரு பெண் இதைப் படித்தால் நாளை அவசரத்துக்குக்கூட மாத்திரையைத் தொட மாட்டாள்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் சில நாட்களில் உடலை விட்டுப் போய்விடும். கருப்பையிலும் சினைப்பையிலும் எந்தத் தழும்பும் வைக்காது. பெரும்பாலானவர்களுக்கு அடுத்த சுற்றே வழக்கமான கதிக்கு வந்துவிடும். கருத்தரிக்கும் திறன் திரும்பி வரக் காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அது போகவே இல்லை.

காத்திருக்க வேண்டியது வேறொன்றுக்கு. அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி உண்டு. அதை நிறுத்திய பின் கரு தங்கப் பல மாதங்கள் ஆகலாம், சராசரியாக 7 முதல் 10 மாதம். அதுவும் நிரந்தரமில்லை. ஊசிக்குச் சொன்னதை யாரோ மாத்திரைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதனால் மாதாமாதம் போட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. ஒரே சுற்றில் இரண்டு மூன்று முறை போட்டால் இரத்தப்போக்கு தாறுமாறாகும். எது மாதவிலக்கு, எது மாத்திரைக் கசிவு என்றே தெரியாமல் போகும். தினசரி மாத்திரை, காப்பர்-டி (கருப்பைக்குள் பொருத்தும் சிறு தாமிரக் கருவி), ஆணுறை ஆகியவற்றைவிட இது பலவீனமான காவல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இந்த மாத்திரை போட்ட 100 பேரில் ஒருவர் அல்லது இருவர் கருத்தரிக்கிறார்கள். ஒரே ஒரு சம்பவத்துக்குப் பின் வரும் கணக்கு இது. ஆண்டு முழுவதும் இதையே நம்பினால் எவ்வளவு கூடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 6, இரவு 9.50

'இது கருக்கலைப்பு மாத்திரைதானே' என்று கேட்ட தம்பிக்கு: இல்லை. கரு தங்கிய பிறகு இதைப் போட்டால் அதை ஒன்றும் செய்யாது, கருவுக்குக் கேடும் இல்லை. கருக்கலைப்புக்குப் பயன்படுவது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. பெட்டி வேறு, மருந்து வேறு, சட்டம் வேறு.

இந்த ஒரு குழப்பத்தால் நம் ஊர்ப் பெண்கள் எவ்வளவு அல்லாடுகிறார்கள்! 2005 முதல் அவசர கருத்தடை மாத்திரை நாடு முழுவதும் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்க வேண்டிய பொருள். மும்பையில் எந்த மூலைக் கடையிலும் வாங்கலாம். சென்னையில் பல கடைகள் இதை வைத்திருப்பதே இல்லை. சட்டப்படி தடை கிடையாது, ஆனால் கேட்டால் இல்லை என்ற பதில்தான். நாளிதழ்களில் எத்தனையோ முறை வந்துவிட்டது.

தாம்பரத்திலிருந்து என் சித்தி மகள் ஒருமுறை அழுதுகொண்டே கூப்பிட்டாள். கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். ஒரு கடைக்காரர் மாத்திரை இல்லை என்று சொல்லிவிட்டு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். அக்கா, நீ கூரியரில் அனுப்பு என்றாள். இங்கிருந்து ரயிலில் போனாலே ஏறக்குறைய ஒரு நாள். கூரியர் போய்ச் சேர்வதற்குள் மாத்திரைக்கான நேரம் கரைந்துவிடும். எழும்பூரில் அரசு தாய் சேய் நல மருத்துவமனை இருக்கிறது, போய் காப்பர்-டி கேள் என்றேன். போனாள். நேரத்தோடு போட்டுக்கொண்டாள்.

காப்பர்-டி பற்றித் தெரியாதவர்களுக்கு: உறவு நடந்து 5 நாளுக்குள் பொருத்தினால் அவசரத் தடுப்பில் அதைவிட உறுதியானது வேறில்லை. கருத்தரிப்பை 99 சதவீதத்துக்கு மேல் தடுக்கிறது. 380ஏ வகை என்றால் அப்படியே 10 ஆண்டு இருக்கலாம். குழந்தை வேண்டும் என்றபோது எடுத்துவிட்டால் உடனே கரு தங்க வழி பிறக்கும். ஹார்மோன் கிடையாது, முட்டை வெளியேற்றத்தையும் தள்ளிப்போடாது, நாள் கணக்கும் மாறாது. மாதவிலக்கு கொஞ்சம் அதிகமாகப் போகும், முதல் சில மாதங்களில் வலி இருக்கும். இந்த ஊரில் மாநகராட்சி மகப்பேறு இல்லங்களிலும் சயான் மருத்துவமனையிலும் கேட்கலாம்.

மார்ச் 9, இரவு

பங்குனி உத்திரம் நெருங்குகிறது. செட்டா நகர் முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பவர்கள் கடைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை வேண்டும் என்பார்கள். இந்த இழைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள், தொடர்பு உண்டு.

அது நோரெதிஸ்டெரோன். மருத்துவர் சொன்னபடி, மாதவிலக்கு வர வேண்டிய தேதிக்கு 3 நாள் முன்னதாகத் தொடங்கி, தினம் மூன்று வேளை போடுவார்கள். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். இதுவும் அவசர மாத்திரையைப் போலவே புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் வகைதான். ஆகவே 'இது போட்டிருக்கிறேன், கரு நிற்காது' என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். இந்த முறையில் போடும் நோரெதிஸ்டெரோன் கருத்தடை ஆகாது. தேதி தள்ளிப்போவதற்குக் காரணம் மாத்திரையா, கருவா என்பதும் அந்த மாதம் மறைந்துவிடும். நிறுத்திய பின்னும் வரவில்லை என்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

போன ஆண்டு ஓர் அம்மா மகளையும் மருமகளையும் அழைத்து வந்தார். மருமகள் முந்தின வாரம் என்னிடம் அவசர மாத்திரை வாங்கியவள். மாமியார் திருவிழாவுக்கு இருவருக்கும் தள்ளிப்போடும் மாத்திரை கேட்கிறார். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துச்சீட்டு இல்லாமல் தர முடியாது, இருவரும் தனித்தனியாக டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். விதியும் அதுதான், அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

மார்ச் 11, மதியம்

4-ஆம் தேதி எழுதியதை விரித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. 'ஒரு வாரம் முன்பின்' என்று பொதுவாகச் சொன்னேன். யாருக்கு முன், யாருக்குப் பின் என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

சுற்றின் தொடக்கத்தில், முட்டை முதிர்வதற்கு வெகு முன்னதாக மாத்திரை போட்டவர்களுக்கு மாதவிலக்கு சீக்கிரம் வருவதுண்டு. முட்டை வெளிவரும் நாளை ஒட்டியோ அதற்குப் பிறகோ போட்டவர்களுக்குத் தள்ளிப்போவதுண்டு. இது பல பெண்களை வைத்துப் பார்த்ததில் தெரிகிற போக்கு. ஒரு தனிப் பெண்ணுக்கு இப்படித்தான் நடக்கும் என்று தேதி குறித்துக் கொடுக்க முடியாது.

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நானும் இந்த மாத்திரை போட்டிருக்கிறேன். தாய்ப்பால் கொடுப்பவர்கள் லெவோநார்ஜெஸ்ட்ரல் போடலாம், பாலை நிறுத்த வேண்டாம். அந்த மாதம் எனக்கு ஒரு வாரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. மருந்து படித்தவள், காரணம் எல்லாம் தெரியும். இருந்தும் தினம் காலையில் எழுந்ததும் முதலில் கழிவறைக்கு ஓடுவேன். தெரிந்தால் பயம் போய்விடும் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். எந்த நாள் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரிந்துவிடும். அந்த நாள் வரை தாக்குப்பிடிக்க அது போதுமானதாக இருந்தது.

அந்த நாள் இதுதான்: உறவு நடந்து 3 வாரம் முடிந்ததும், காலை முதல் சிறுநீரில். அதற்கு முன்னால் ஒரு கோடு, அதாவது கரு இல்லை என்று, காட்டினால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒழுங்கான சுற்று உள்ளவர்கள் எதிர்பார்த்த தேதி தாண்டி ஒரு வாரம் ஆனாலும் பார்க்கலாம். சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருந்து மாதவிலக்கு எப்போது வரும் என்றே சொல்ல முடியாதவர்கள் தேதியை எதிர்பார்க்க வேண்டாம், 3 வாரக் கணக்கே போதும். இடையில் இரத்தம் பட்டதா இல்லையா என்பதை வைத்து மாத்திரை பலித்ததா என்று சொல்லவே முடியாது. பட்டும் கரு தங்கியிருக்கலாம், படாமலும் தப்பியிருக்கலாம்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, மயக்கம் என்றால் பரிசோதனை அட்டைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரை அந்த ஆபத்தைக் கூட்டுவதில்லை. கரு எங்கே தங்கியது என்பது ஒவ்வொரு கர்ப்பத்திலும் பார்க்க வேண்டியதுதான்.

மார்ச் 13, இரவு 11

இன்று தாராவி தொண்ணூறடி சாலையிலிருந்து ஒரு பெண் வந்தாள், திருநெல்வேலிப் பேச்சு. அவசர மாத்திரை கேட்டாள். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்றேன். பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஓர் அட்டையை எடுத்தாள். காசநோய் சிகிச்சை அட்டை, மூன்றாவது மாதம். வரிசையில் ரிஃபாம்பிசின்.

ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி லெவோநார்ஜெஸ்ட்ரலை வேகமாகக் கரைத்துவிடும். மாத்திரை போட்டும் போடாதது போலத்தான். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன், கார்பமசெபைன் மருந்துகளும் இப்படியே. இந்த மருந்துகளை நிறுத்திய பின்னும் 4 வாரம் வரை அந்த வேகம் இருக்கும். இவர்களுக்கு முதல் யோசனை காப்பர்-டி. அதற்கு வழியில்லை என்றால் மருத்துவர் சொல்லி இரட்டை அளவு, அதாவது 3 மில்லிகிராம் போடுவதுண்டு. எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தாலும் மாத்திரையின் பலன் குறையலாம். அவர்களும் காப்பர்-டியைப் பற்றிக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

சயானுக்குப் போ என்று வழி சொல்லி அனுப்பினேன். பேருந்து எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். காசநோய் மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே என்று படியிறங்கும்வரை சொன்னேன். இந்த ஊரில் காசநோய் சிகிச்சையில் எத்தனை இளம் பெண்கள் இருக்கிறார்கள்! இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

மார்ச் 20, காலை 6.45

பவாய் தங்கை எழுதியிருக்கிறார். 14-ஆம் தேதி பரிசோதனையில் ஒரு கோடு. நேற்று, 19-ஆம் தேதி, வழக்கமான அளவில் மாதவிலக்கு வந்துவிட்டது. மிகவும் மகிழ்ச்சி.

இப்போது எல்லோரும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். முட்டை வெளிவந்து ஏறக்குறைய 14 நாள் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். சுற்றின் முன்பாதி நீளலாம், குறையலாம், பின்பாதி பெரிதாக மாறாது. 19-ஆம் தேதியிலிருந்து 14 நாள் பின்னால் போனால் மார்ச் 5. அவர் கேள்வி கேட்டது 4-ஆம் தேதி இரவு. செயலி 'பாதுகாப்பு' என்று காட்டிக்கொண்டிருந்த அந்த நாட்கள்தான், பெரும்பாலும், இந்தச் சுற்றிலேயே கரு தங்க மிகவும் வாய்ப்பான நாட்களாக இருந்திருக்கும்.

செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய சுற்றுகளின் சராசரியை வைத்து அது சொல்கிறது. நீங்கள் மாத்திரை போட்டது அதற்குத் தெரியாது. தங்கையே, மார்ச் 19-ஐ முதல் நாளாகப் பதியுங்கள். போன சுற்றைச் சராசரியில் சேர்க்காமல் விட வசதி இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த மாதமும் நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். குழந்தை அடுத்த ஆண்டுதான் என்றால் ஓர் ஆண்டுக்கு நிலையான ஒன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள். அரசு மையங்களில் மாலா-என் என்ற தினசரி கருத்தடை மாத்திரை இலவசம்.

மாமியார் கவலைக்கும் ஒரு வரி. நீங்கள் 18 வயது தாண்டியவர். கருத்தடை கேட்கக் கணவர் கையெழுத்தோ மாமியார் அனுமதியோ தேவையில்லை.

மார்ச் 22, இரவு 10.30

அந்தக் கணக்கைப் படித்துவிட்டு ஒருவர், 'தேதி நாலு நாள் தவறினால் என்ன பெரிய இழப்பு' என்று கேட்டிருக்கிறார்.

மாத்திரை தவறிக் கரு தங்கிய ஒருத்தி, இடையில் பட்டதை மாதவிலக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் கடைசி மாதவிலக்குத் தேதி கேட்கும்போது அந்தத் தேதியைச் சொல்கிறாள். கர்ப்பத்தின் வயது இரண்டு, இரண்டரை வாரம் குறைவாகப் பதிவாகிறது. குழந்தை வேண்டும் என்பவளுக்குப் பிரசவத் தேதி தவறுகிறது, வளர்ச்சி போதவில்லை, கூடுதல் என்று வீண் பயம் வருகிறது. வேண்டாம் என்பவளுக்கு இன்னும் ஆபத்து. மருந்து மூலம் கலைக்க 9 வாரம்தான் வரம்பு. 2021-இல் திருத்திய சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம் வரை என்றால் குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். திருமணமாகாதவர்களையும் அந்தப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரக் கணக்கில் ஓடும் விஷயத்தில் இரண்டரை வாரம் சிறியது இல்லை.

ஆகவே டாக்டரிடம் இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள்: வழக்கமான கடைசி மாதவிலக்கு எப்போது, மாத்திரை போட்டது எப்போது. இடையில் பட்டதையும் தனியாகச் சொல்லுங்கள். முதல் 3 மாத ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து வயதைத் திருத்திவிடுவார்கள். வெட்கப்பட்டு மாத்திரையை மறைத்தால் அவர்களுக்குக் கணக்கு இடிக்கும் காரணம் புரியாது.

ஏப்ரல் 2, இரவு 9

ஆண்டாப் ஹில் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி எழுதியிருக்கிறார்கள். பிப்ரவரியில் மாத்திரை போட்டார்கள். வேலை மாற்றம் முடிவாகிவிட்டதால் இப்போது குழந்தைக்கு முயற்சி செய்ய ஆசை. எத்தனை மாதம் இடைவெளி விட வேண்டும், மருந்து உடலில் தங்கியிருக்குமா, பிறக்கும் குழந்தைக்கு ஏதாவது வருமா?

இடைவெளி வேண்டாம். மாத்திரைக்குப் பின் ஒரு சரியான மாதவிலக்கு வந்துவிட்டது என்கிறீர்கள், அதன் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கலாம். மருந்து எப்போதோ போய்விட்டது. மாத்திரை போட்டும் கரு தங்கிப் பிறந்த குழந்தைகளிடம்கூடக் குறைபாடு கூடுதலாக இருப்பதாகக் காணவில்லை.

சரியாக 14-ஆம் நாளைப் பிடிக்க வேண்டும் என்று மனைவியைத் தேதி சொல்லி வாட்ட வேண்டாம், தம்பி. 14 என்பது 28 நாள் சுற்றுக்குச் சொன்ன கணக்கு. உங்கள் வீட்டில் 33 நாள் என்றால் முட்டை 19-ஆம் நாளை ஒட்டி வரும். வெள்ளைப்படுதல் முட்டை வெண்கருவைப் போல நீண்டு வழுவழுப்பாக வரும் நாட்கள் நல்ல நாட்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தாலே போதும்.

அவர் இன்றிலிருந்தே ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினம் ஒன்று சாப்பிடட்டும். கரு தங்கிய பின் தொடங்குவதைவிட முன்னாலேயே தொடங்கினால்தான் குழந்தையின் முதுகுத்தண்டுக்கு முழுப் பலன். தைராய்டு, சர்க்கரை, இரத்தச்சோகை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 35 வயதுக்குள் என்றால் ஓர் ஆண்டு வரை நிதானமாக முயலலாம். தாண்டிவிட்டால் 6 மாதத்தில் டாக்டரைப் பாருங்கள்.